அவெய்ட் பிறந்த கதை

ஒரு விண்டோஸ் புரோகிராமில் பொத்தானை அழுத்துகிறோம். அது நெட்வொர்க்கின் மறுமுனையில் உள்ள சர்வரிடமிருந்து ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பதில் வர 100 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது கண் சிமிட்டும் நேரம். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கோ அது 30 கோடி துடிப்புகள். அந்த 30 கோடி துடிப்புகளும் என்ன ஆகின்றன என்ற கேள்விக்கு நிரலாளர்கள் அரை நூற்றாண்டாக விடை தேடினார்கள். அவர்கள் கண்ட விடைகளில் மிக அழகானது, இன்று ஜாவாஸ்கிரிப்ட்டிலும் பைத்தானிலும் கோடிக்கணக்கான வரிகளில் சாதாரணமாகக் கிடக்கும் ‘அவெய்ட்’.

முதல் வழி, சும்மா நிற்பது. பதில் வரும்வரை அந்த த்ரெட் அங்கேயே தூங்கும். திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய த்ரெட்டே தூங்கினால் ஜன்னல் வெளிறிப்போய், தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வரும். வேறு த்ரெட்டைத் தூங்க வைக்கலாம். ஆனால் விண்டோஸில் ஒரு த்ரெட்டின் ஸ்டாக்குக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் இடம் 1 மெகாபைட். பத்தாயிரம் பேர் காத்திருக்கும் சர்வரில், காத்திருப்பதற்கென்றே ஏறக்குறைய 10 கிகாபைட் முகவரி இடத்தைக் கட்டிவைக்க வேண்டும்.

இரண்டாவது வழி கால்பேக். ‘பதில் வந்ததும் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஒரு வேலைக்கு இது சுகமான ஏற்பாடு. பத்துப் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்க வேண்டும், நடுவில் ஒன்று தோற்றால் மூன்று முறை முயல வேண்டும், எது நடந்தாலும் கடைசியில் ஃபைலை மூட வேண்டும் என்று வந்துவிட்டால் கதை வேறு. ஃபார் லூப்பை இரண்டு ஃபங்ஷன்களுக்கு நடுவே வெட்ட முடியாது. ட்ரை–கேட்ச் தொகுதிக்குள் தொடங்கிய வேலை, அந்தத் தொகுதி முடிந்து போன பிறகு வேறெங்கோ வந்து நிற்கும். லூப்பின் எண், முயன்ற தடவை, திறந்திருக்கும் ஃபைல் எல்லாவற்றையும் ஓர் ஆப்ஜெக்டில் எடுத்து வைத்து, ‘இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறேன்’ என்று ஓர் எண்ணையும் கூடவே வைத்துக்கொண்டு, கால்பேக் வரும்போதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்துக் கிளை பிரிய வேண்டியிருக்கும்.

அப்படி எழுதி முடித்ததைத் தள்ளி நின்று பார்த்தால் அது ஒரு ஸ்டேட் மெஷின். எந்த நிலையில் நிற்கிறது, என்ன உள்ளே வந்தால் எந்த நிலைக்குப் போகிறது என்ற விவரம் மட்டுமே கொண்ட பொறி. ஜார்ஜ் மீலி 1955-லும் எட்வர்ட் மூர் 1956-லும் மின்சுற்றுகளை ஆராய எழுதிய கட்டுரைகளால் அவர்கள் பெயரிலேயே அழைக்கப்படும் இரு வகைகளையும் கணினி அறிவியல் படித்த எல்லோரும் தேர்வுக்காகவாவது வரைந்திருப்பார்கள். பாடத்தில் அது வட்டங்களும் அம்புகளும். வேலையில் அது, ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எழுதியவருக்கே புரியாத ஒரு பெரிய ஸ்விட்ச்.

இந்த ஸ்விட்ச்சை மனிதர் எழுதக்கூடாது, கம்பைலர் எழுத வேண்டும் என்ற முடிவுக்கு வந்து சேர்ந்த பாதைதான் அவெய்ட்டின் கதை.

அதன் ஒரு வேர் 1958-ல் இருக்கிறது. மெல்வின் கான்வே ‘கோரூட்டீன்’ என்ற கருத்தைக் கையாண்டது அப்போது. 1963-ல் ஒரு கோபால் கம்பைலரின் அமைப்பை விளக்கிய கட்டுரையில் அதை அச்சில் கொண்டுவந்தார். மூல நிரலைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி ஒன்று, அந்தச் சொற்களைக் கோத்து வாக்கியமாக்கும் பகுதி இன்னொன்று. வழக்கமான அமைப்பில் ஒன்று எஜமான், மற்றொன்று அது கூப்பிட்டால் வரும் சப்ரூட்டீன். கூப்பிடப்படுவது ஒவ்வொரு முறையும் தலையிலிருந்து தொடங்கும். கான்வே இரண்டையும் எஜமானாகவே எழுதினார். ஒன்று மற்றொன்றிடம் கட்டுப்பாட்டைக் கொடுத்துவிட்டு நிற்கும். திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘நிலைமாற்றப் படம்’ என்ற சொல் இருக்கிறது. ‘விட்ட இடத்திலிருந்து தொடர்’ என்பதும் ஸ்டேட் மெஷினும் பிறந்த நாளிலிருந்தே அண்டை வீட்டார்.

இன்னொரு வேர் 1964-ல். பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் லேண்டின், நிரல்மொழிகளின் அடியில் அலான்சோ சர்ச்சின் லாம்ப்டா கால்குலஸ் இருப்பதைக் காட்டி எழுதிய கட்டுரையில், ‘சின்டாக்டிக் சுகர்’ என்ற கருத்தைக் கொண்டுவந்தார். ஒரு மொழியில் சில எழுத்துமுறைகள் இருக்கும். அவற்றை இயந்திரகதியில் விரித்து எழுதினால் மொழியின் மற்ற பகுதிகளைக் கொண்டே அதே பொருள் வந்துவிடும். அவற்றை எடுத்துவிட்டாலும் மொழியின் ஆற்றல் குறையாது. எழுதுகிறவருக்குச் சுவை குறையும், அவ்வளவுதான். ‘சர்க்கரைதானே’ என்று ஒதுக்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் லேண்டினைப் பாதிதான் எடுத்துக்கொள்கிறார்கள். அவருடைய வாதத்தின் மறுபாதி, விரிக்கும் விதி துல்லியமாக இருக்க வேண்டும் என்பது. எந்தச் சர்க்கரையையும் விதிப்படி கரைத்துக் கீழே இருப்பதைக் காட்ட முடிய வேண்டும். அவெய்ட்டில் அந்தக் கரைசல்தான் விஷயமே.

இந்த இரண்டு வேர்களும் உடனே பின்னிக்கொள்ளவில்லை. நடுவில் பலர் பலவிதமாக முயன்றார்கள். 1970-களின் நடுவில் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவின் குழு உருவாக்கிய சி.எல்.யு. மொழியில் இட்டரேட்டர் வந்தது. ஒரு தொகுப்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாக ‘யீல்டு’ செய்யும் ஃபங்ஷன். அதை உண்ணும் ஃபார் லூப். ஆனால் அது ஸ்டாக்கின் மேலேயே வாழ்ந்தது. லூப் முடியும்வரை இட்டரேட்டர் ஸ்டாக்கை விட்டு இறங்காது. அதனால் வேகம் கிடைத்தது. இரண்டு இட்டரேட்டர்களை இணையாக வைத்து மாறி மாறி நகர்த்தும் வசதி கிடைக்கவில்லை.

சி மொழிக்காரர்களின் முயற்சி இதைவிட முரட்டுத்தனமானது, எனக்கு மிகவும் பிடித்தது. 1983-ல் லூகாஸ்ஃபிலிமில் வேலை பார்த்த டாம் டஃப், ஸ்விட்ச்சின் கேஸ்களை ஒரு லூப்பின் வயிற்றுக்குள்ளேயே வைக்கலாம் என்று கண்டார். மொழியின் விதி அதைத் தடுக்கவில்லை. 2000-ல் சைமன் டேத்தம் அந்த ஓட்டையை வைத்துக் கோரூட்டீனையே கட்டினார். ஃபங்ஷனின் தலையில் ஒரு ஸ்விட்ச். வெளியேற வேண்டிய இடத்தில் ஒரு மேக்ரோ. அது அந்த வரியின் எண்ணை ஒரு வேரியபிளில் எழுதிவிட்டு ரிட்டர்ன் செய்யும். அதே வரி எண் அங்கே ஒரு கேஸாகவும் நிற்கும். அடுத்த முறை கூப்பிட்டால் ஸ்விட்ச் நேராக அந்த வரிக்குத் தாவிவிடும். நிலைக்கு எண் வைக்க வேண்டிய வேலையே இல்லை. வரி எண்ணே நிலை. அவர் எழுதிய புட்டி என்ற பிரபல மென்பொருளில் இந்த உத்தி உண்மையிலேயே ஓடியது. கம்பைலரைத் தொடாமல், மேக்ரோவை மட்டும் வைத்து ஒரு மனிதர் ஸ்டேட் மெஷினுக்குச் சர்க்கரை பூசினார். பெரிய குறை, உள்ளூர் வேரியபிள்கள். ரிட்டர்ன் ஆனதும் அவை ஸ்டாக்கோடு போய்விடும்; எதைக் காப்பாற்ற வேண்டும் என்று நிரலாளரே நினைவு வைத்து வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

அந்தக் குறையைத் தீர்த்தது மைக்ரோசாஃப்ட்டின் சி ஷார்ப் மொழி. 2002-ல் வந்த முதல் பதிப்பிலேயே ஃபோர்ஈச் இருந்தது. அது எளிய சர்க்கரை: தொகுப்பிடம் ஓர் எண்யூமரேட்டரைக் கேள், ‘மூவ்நெக்ஸ்ட்’ உண்மை என்று சொல்லும்வரை ‘கரண்ட்’டை எடுத்துக்கொள். ஆனால் சர்க்கரை உண்கிறவர் பக்கம் மட்டும்தான். தன் தொகுப்பை ஃபோர்ஈச்சுக்குத் தர நினைத்தவர் மூவ்நெக்ஸ்ட்டைக் கையால் எழுத வேண்டும். பட்டியல் என்றால் ஓர் எண் போதும். ஒரு மரத்தை இடமிருந்து வலமாகச் சுற்றி வர வேண்டும் என்றால், ரிகர்ஷனில் நான்கு வரியில் முடிகிற வேலைக்கு நாமே ஒரு ஸ்டாக் வைத்து, நிலை வைத்து, பக்கம் பக்கமாக எழுத வேண்டும்.

2005-ல் சி ஷார்ப் 2.0 ‘யீல்டு ரிட்டர்ன்’ கொண்டுவந்தபோது இந்தப் பாரம் கம்பைலரின் தோளுக்கு மாறியது. சாதாரண ஃபங்ஷன் போல எழுதினால் போதும். கம்பைலர் அதற்காக ஒரு கிளாஸை உருவாக்கி, வேரியபிள்களை அதன் ஃபீல்டுகளாக ஏற்றி, ஒரு நிலை எண்ணையும் சேர்த்து, மூவ்நெக்ஸ்ட்டைத் தானே எழுதிவிடும். பைத்தானில் 2001 முதலே யீல்டு உண்டு. ஆனால் அங்கே இன்டர்பிரெட்டர் ஃபங்ஷனின் சட்டகத்தையே அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறது, நிரலைத் திருப்பி எழுதுவதில்லை. சி ஷார்ப் திருப்பி எழுதியது.

இந்த யீல்டு எல்லாம் தொகுப்புகளைச் சுற்றி வருவதற்காக. அங்கே காத்திருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. இனி வருவது இந்தக் கதையின் திருப்பம்; அதைச் செய்தவர்கள் மொழியை வடிவமைத்தவர்கள் அல்ல, பயன்படுத்தியவர்கள். யீல்டு ரிட்டர்னைக் கூர்ந்து பார்த்த சிலருக்கு ஒன்று தெரிந்தது. நடுவழியில் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் ஃபங்ஷன் இது. அடுத்த மூவ்நெக்ஸ்ட்டை ஃபோர்ஈச் கூப்பிட வேண்டும் என்று சட்டமா? நெட்வொர்க்கிலிருந்து பதில் வரும்போது ஒரு கால்பேக் கூப்பிட்டால் என்ன? மைக்ரோசாஃப்ட்டின் ரோபோட்டிக்ஸ் கருவித்தொகுப்போடு வந்த சி.சி.ஆர். நூலகம் இப்படித்தான் வேலை செய்தது. ஜெஃப்ரி ரிக்டர் தன் ஏசிங்க்எண்யூமரேட்டர் கிளாஸில் இதையே செய்து, 2007, 2008-ல் எம்.எஸ்.டி.என். இதழில் விளக்கினார். உறுப்புகளை வரிசையாகத் தருவதற்கான சர்க்கரையை, தொகுப்பின் உறுப்பு எதையும் தராமல், அடியில் இருக்கும் பொறிக்காக மட்டுமே எடுத்துப் பயன்படுத்தினார்கள். படிப்பவருக்குக் குழப்பம்தான்: யீல்டு என்று எழுதியிருக்கும், பொருள் ‘காத்திரு’. ஆனால் லூப் லூப்பாகவே இருந்தது. அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நினைத்தார்கள், நினைத்தது சரி.

அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் இருந்த மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் டான் சைம் தன் எஃப் ஷார்ப் மொழியில் 2007-ல் ஏசிங்க் வொர்க்ஃப்ளோ என்ற வசதியைக் கொண்டுவந்தார். ‘லெட்’ என்பதற்கு அருகில் ஓர் ஆச்சரியக்குறி. அவ்வளவுதான், அந்த வரியில் நிரல் காத்திருக்கும், த்ரெட் காத்திருக்காது. அங்கே அடியில் இருந்தது ஸ்டேட் மெஷின் அல்ல. மிச்சமிருக்கும் நிரலை முழுவதும் ஒரு குட்டி ஃபங்ஷனாகச் சுருட்டி, ‘முடிந்ததும் இதைக் கூப்பிடு’ என்று கொடுக்கும் முறை. எழுதும் உருவத்தை எஃப் ஷார்ப் காட்டியது. அடியில் வைக்க வேண்டிய பொறி யீல்டு ரிட்டர்ன் வழியாகச் சி ஷார்ப் கம்பைலருக்குள் ஏற்கெனவே இருந்தது.

2010 அக்டோபரில், ரெட்மண்டில் நடந்த மைக்ரோசாஃப்ட் மாநாட்டில், சி ஷார்ப்பை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் இரண்டையும் சேர்த்து அவெய்ட்டாகக் காட்டினார். 2012-ல் சி ஷார்ப் 5.0 ஆக அது கைக்கு வந்தது. அந்த ஆண்டே விண்டோஸ் 8 வந்ததும் தற்செயல் இல்லை. அதன் புதிய ஏ.பி.ஐ.களில், 50 மில்லி செகண்டுக்கு மேல் எடுக்கக்கூடிய எதையும் காத்திருந்து வாங்கும் வடிவில் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். அவெய்ட் இல்லாமல் அப்படி ஒரு முடிவை நிரலாளர்கள் தலையில் சுமத்தியிருக்க முடியாது.

ஒரு சின்ன ஃபங்ஷனை எடுத்து அருகில் வைத்துப் பார்ப்போம். மொழியின் சொற்களைத் தமிழாக்கி எழுதுகிறேன்.

பக்கம் = அவெய்ட் இறக்கு(முகவரி)
அவெய்ட் எழுது(ஃபைல், பக்கம்)
திருப்பு பக்கம்.நீளம்

கம்பைலர் இதிலிருந்து ஒரு ஸ்ட்ரக்ட் செய்கிறது. முகவரியும் ஃபைலும் வெளியிலிருந்து வருபவை, இரண்டும் ஃபீல்டுகள். பக்கம் என்ற வேரியபிள் முதல் அவெய்ட்டில் பிறந்து இரண்டாவதைத் தாண்டியும் தேவைப்படுகிறது, அதுவும் ஃபீல்டு. எந்த அவெய்ட்டையும் தாண்டாத வேரியபிள் இருந்தால் அது வழக்கம்போல ஸ்டாக்கிலேயே இருந்து மறையலாம். டேத்தமின் மேக்ரோ நிரலாளரிடம் விட்டுவிட்ட கணக்கு இதுதான். கூடவே நிலை எண்: தொடக்கத்தில் -1, முதல் அவெய்ட்டில் நின்றால் 0, இரண்டாவதில் 1, முடிந்ததும் -2.

மூவ்நெக்ஸ்ட் ஓடத் தொடங்குகிறது. நிலை -1 என்பதால் மேலிருந்து. இறக்கும் வேலையைத் தொடங்கிவிட்டு உடனே கேட்கிறது: முடிந்துவிட்டதா? பக்கம் முன்பே கேஷில் இருந்தால் முடிந்திருக்கும். அப்போது எங்கும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போகிறது. இந்தக் கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. அவெய்ட் என்று எழுதினால் கட்டாயம் நின்றுதான் தீரும் என்பதில்லை. முடியவில்லை என்றால் நிலையை 0 ஆக்கி, ‘முடிந்ததும் என் மூவ்நெக்ஸ்ட்டைக் கூப்பிடு’ என்று பதிவு செய்துவிட்டு ரிட்டர்ன். அதுவரை ஸ்டாக்கில் இருந்த ஸ்ட்ரக்ட் அந்தக் கணத்தில்தான் ஹீப்புக்கு ஏறுகிறது; நிற்கவே வேண்டியிராவிட்டால் அந்தச் செலவும் இல்லை. த்ரெட் விடுதலை. பதில் வந்ததும் மீண்டும் மூவ்நெக்ஸ்ட்; ஸ்விட்ச் 0 என்று பார்த்து முதல் அவெய்ட்டுக்கு அடுத்த இடத்துக்குத் தாவுகிறது.

ட்ரை தொகுதிக்குள் அவெய்ட் இருந்தால் தாவல் இவ்வளவு சுலபமில்லை. சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டின் இடைமொழியில் ட்ரையின் நடுவே வெளியிலிருந்து குதிக்க அனுமதி கிடையாது. வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். எனவே கம்பைலர் முதலில் ட்ரையின் வாசலுக்குத் தாவி, உள்ளே இரண்டாவது ஸ்விட்ச் ஒன்றை வைத்து அங்கிருந்து மறுபடி தாவுகிறது. அடுக்கடுக்காக ட்ரை இருந்தால் அடுக்குக்கு ஒரு ஸ்விட்ச். கேட்ச்சுக்குள் அவெய்ட் வைக்க 2012-ல் அனுமதியே இல்லை. 2015-ல் சி ஷார்ப் 6 வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மனிதர் இவற்றையெல்லாம் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பிழையில்லாமல் கையால் எழுதுவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

யீல்டுக்கும் அவெய்ட்டுக்கும் ஒரே தாய் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? ரோஸ்லின் என்ற சி ஷார்ப் கம்பைலரின் மூலநிரல் 2014 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதில் ‘மெத்தட் டு ஸ்டேட் மெஷின் ரீரைட்டர்’ என்ற கிளாஸ் உண்டு. இட்டரேட்டருக்கு ஒன்று, அவெய்ட் வைத்த (ஏசிங்க்) ஃபங்ஷனுக்கு ஒன்று என்று இரண்டு கிளாஸ்கள் அதிலிருந்தே பிறக்கின்றன.

பிறகு பரவல் வேகமாக நடந்தது. பைத்தான் 3.5 அதை 2015-ல் எடுத்துக்கொண்டது, ஜாவாஸ்கிரிப்ட் 2017-ல். கோட்லின், கோரூட்டீன் என்ற பெயரிலேயே, 2018-ல் நிலைத்த வசதியாக அறிவித்தது. சி++ அதை 2020 பதிப்பில் சேர்த்தது.

ரஸ்ட்டில் மட்டும் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் சர்க்கரைக்கு அடியில் இருந்த பொறி அங்கே வெளியே தலைநீட்டியது. ரஸ்ட்டில் ஓர் ஆப்ஜெக்டை நினைவகத்தில் இடம் மாற்றுவது அன்றாட வேலை. சாதாரண ஃபங்ஷனில், ஒரு வேரியபிளும் அதைச் சுட்டும் ரெஃபரன்ஸும் பக்கத்துப் பக்கத்தில் ஸ்டாக்கில் இருக்கலாம். ஆனால் நடுவில் ஓர் அவெய்ட் வந்தால் இரண்டுமே ஸ்டேட் மெஷினின் உள்ளே ஃபீல்டுகளாகிவிடும். இப்போது அந்த மெஷின் தன்னையே சுட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் ரெஃபரன்ஸ் பழைய முகவரியைக் காட்டும். நினைவகப் பிழை வராது என்று சத்தியம் செய்த மொழிக்கு இது உயிர்நாடிப் பிரச்சினை. ‘பின்’ என்ற ஏற்பாட்டை, ‘இனி இது நகராது’ என்ற உறுதிமொழியாக, 2019 பிப்ரவரியில் நிலைப்படுத்தினார்கள். அதே ஆண்டு நவம்பர் 7-ல் வந்த 1.39 பதிப்பில்தான் அவெய்ட் நிலைத்த ரஸ்ட்டுக்கு வந்தது. ரஸ்ட் கற்கத் தொடங்குகிறவர்கள் ‘பின்’ முன்னால் வந்து திகைத்து நிற்பதற்குக் காரணம் ‘பின்’ அல்ல. அவெய்ட்டுக்கு அடியில் ஒரு ஸ்டேட் மெஷின் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தராததே காரணம்.

எல்லோரும் இந்த வழியை எடுக்கவும் இல்லை. 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21, மெய்நிகர் த்ரெட்களைத் தந்து, நிரலைத் திருப்பி எழுதாமல் ரன்டைமே ஸ்டாக்கை எடுத்து வைத்துக்கொள்ளும்படி செய்தது. காத்திருக்கும் இடத்தில் எந்தச் சொல்லும் எழுத வேண்டாம். வசதிதான். ஆனாலும் என் ஓட்டு அவெய்ட்டுக்கே. எங்கே உலகம் மாறிப் போகலாம் என்பது அந்தச் சொல்லால் கண்ணுக்குத் தெரிகிறது. இருப்பில் ஆயிரம் ரூபாய் இருக்கிறதா என்று பார்க்கிறோம், இருக்கிறது. அவெய்ட் செய்து வங்கியிடம் ஒப்புதல் வாங்குகிறோம். திரும்பி வந்து ஆயிரத்தைக் கழிக்கிறோம். ஒரே த்ரெட்டில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டில்கூட இது பிழை. நாம் நிலை 0-ல் நின்றிருந்தபோது அதே பொத்தானை மறுபடி அழுத்தியவருக்காக இன்னொரு ஸ்டேட் மெஷின் ஓடியிருக்கலாம். அதுவும் அதே ஆயிரத்தைப் பார்த்திருக்கும். மூன்று வரிகளும் அடுத்தடுத்து இருப்பதால் அவை இடைவெளியில்லாமல் ஓடுகின்றன என்று கண் நம்பிவிடுகிறது. அடியில் இருக்கும் ஸ்விட்ச்சைத் தெரிந்தவருக்கு, அந்த இடத்தில் ஒரு ரிட்டர்ன் இருக்கிறது என்று தெரியும்.

அதனால்தான், இதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதலில் சர்க்கரையில்லாமல் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு மரத்தைச் சுற்றி வரும் மூவ்நெக்ஸ்ட்டை யீல்டு இல்லாமல் எழுதுங்கள். பிறகு மேலே உள்ள மூன்று வரி ஃபங்ஷனை அவெய்ட் இல்லாமல், ஃபீல்டுகளும் நிலை எண்ணும் வைத்து எழுதுங்கள். அதே ஃபங்ஷனை அவெய்ட்டோடு எழுதி, ஐஎல்ஸ்பை போன்ற டீகம்பைலரில் மீண்டும் சர்க்கரை பூசாமல் காட்டும் பழைய மொழிப்பதிப்பைத் தேர்ந்தெடுத்துத் திறந்து, கம்பைலர் எழுதியதை உங்களுடையதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ‘முடிந்துவிட்டதா’ என்ற கேள்வி உங்களுடையதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். கடைசியாக, கேட்ச்சுக்குள் ஓர் அவெய்ட் வைத்து அதைக் கையால் பிரியுங்கள். கேட்ச்சின் நடுவே தாவ வழியே கிடையாது, அங்கே இரண்டாவது ஸ்விட்ச்சும் உதவாது. பிழையை ஒரு வேரியபிளில் பிடித்து வைத்துக்கொண்டு, கேட்ச்சை விட்டு வெளியே வந்து, அதன் உடலைச் சாதாரண நிரலாக வெளியே ஓட்ட வேண்டும். சி ஷார்ப் 6 செய்வதும் அதைத்தான்.